பரங்கிமலைக்குத் தெற்கே ஒரு வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார் என்பது நம் முன்னோர் வாக்கு. அவர்கள் காலத்தில் நிலம் கையில் இருந்தது, கட்டுவதுதான் பாடு. இன்று சென்னைப் பெருநகரின் ஓரத்தில் குடியேற விரும்பும் குடும்பத்திற்கோ, கட்டுவதற்கு முன்னரே வாங்குவது என்னும் பெரும்பாடு காத்திருக்கிறது. பதினைந்து இருபது ஆண்டுகள் வாடகை வீடுகளில் காலந்தள்ளி, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு வங்கிக் கடனையும் கூட்டிக்கொண்டு, வாழ்நாளில் ஒரே ஒருமுறை செய்யும் கொள்முதல் அது. அதில் பிழை நேர்ந்தால் அதன் பாரத்தைப் பிள்ளைகளும் சுமக்க நேரிடும்.

நகரின் தெற்கே, பரங்கிமலையிலிருந்து வண்டலூர் வரை தண்டவாளத்தின் இருமருங்கிலும் பரந்து கிடக்கும் புறநகரைப் பற்றி இங்கே எழுத விழைகிறோம். நம் வாசகக் குடும்பங்கள் பல அங்கே குடியேறியுள்ளன. இன்னும் பல குடியேற எண்ணியுள்ளன. மனை என்ன விலை என்று சொல்வது நம் நோக்கமன்று. அதைத் தரகர்கள் செவ்வனே சொல்லிவிடுவார்கள். அந்த மண்ணுக்கு யார் யார் எதற்காக வந்தனர், அங்கே வீடு வாங்குகிறவர் சுவரோடும் கூரையோடும் வேறு எவற்றையெல்லாம் சேர்த்து வாங்குகிறார் என்பதையே காண விரும்புகிறோம்.

மலைமேலிருந்து

புறநகரை ஒரே பார்வையில் காண விரும்புவோர் பரங்கிமலை ஏற வேண்டும். ஏறக்குறைய முந்நூறு அடி உயரமே உள்ள குன்று அது. திருத்தூதர் தோமையார் இங்கே இரத்தம் சிந்தினார் என்பது நம் மரபு. பரங்கியர் என்று நம் மக்கள் அழைத்த போர்ச்சுக்கீசியர் 1523-ஆம் ஆண்டில் உச்சியில் ஆலயம் எழுப்பினர். பதினெட்டாம் நூற்றாண்டில் பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மேனிய வணிகர் ஏறிச் செல்லப் படிகள் அமைத்துத் தந்தார். 1986 பிப்ரவரி 5 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இங்கே வந்து வேண்டினார். ஆகவே இப்புறநகரின் வாயிற்படியே வேற்று நாட்டார் பலரின் காலடி பட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, இம்மலைக்கருகே எஃகுச் சங்கிலி கொண்டு நிலத்தை அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அந்த அடிக்கோட்டிலிருந்து கிளம்பிய முக்கோண அளவை, பல பத்தாண்டுகள் தொடர்ந்து, இமயமலை வரை சென்று எட்டியது. இந்தியாவை அளந்த கோடு தொடங்கிய அதே மண்ணில்தான், இன்று அரை கிரவுண்டு மனைக்கு எல்லைக்கல் எங்கே என்று அண்ணனும் தம்பியும் நீதிமன்றப் படி ஏறுகிறார்கள்!

மலையுச்சியில் நின்று தெற்கே நோக்கினால், காலடியில் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் ஓடுபாதை. அதற்கப்பால் திரிசூலம், பல்லாவரம் குன்றுகள். அவற்றைச் சூழ்ந்து கண்ணுக்கெட்டிய மட்டும் மாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும். நடுநடுவே வெள்ளித் தகடுகள் போல் சில மின்னும். அவையே ஏரிகள். கூரைகள் பெருகப் பெருக அந்தத் தகடுகள் சிறுத்துக்கொண்டே வந்துள்ளன. வீடு வாங்க நினைப்பவர் விளம்பரத் தாளைப் பார்ப்பதற்கு முன் இந்தக் காட்சியை ஒருமுறை பார்த்துவிடுதல் நலம்.

நிலையத்துக்கு நிலையம்

1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரத்துக்கு, மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் பாதை 2004-இல் மறைந்து, அகலப் பாதை முழுமையாயிற்று. இந்தப் பாதையே புறநகரின் முதுகெலும்பு. நகரில் வேலை, புறநகரில் வீடு என்ற வாழ்க்கை முறையைத் தென்சென்னைக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்.

பரங்கிமலையை அடுத்துப் பழவந்தாங்கல். நங்கநல்லூர் மக்கள் இறங்கும் நிலையம். அரசுப் பணியிலும் வங்கிப் பணியிலும் இருந்து ஓய்வு பெற்றோர் நிறைந்த இடம். ஊர் முழுவதும் கோவில்கள். முப்பத்திரண்டு அடி ஆஞ்சநேயரைக் காண வெளியூரார் வருவர். அதையடுத்து விமான நிலையம், பிறகு பல்லாவரம். 1863-ஆம் ஆண்டு மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் புவியியல் அறிஞர் இங்கே பழைய கற்காலக் கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதற்சான்று அது. பல்லாவரத்தில் 'நாங்கள்தாம் பூர்வகுடிகள்' என்று உரிமை பேசுவோர் அந்தக் கோடரிக்காரனை ஒருகணம் நினைத்துக்கொள்ளலாம். இராணுவக் குடியிருப்பு அருகிலேயே. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் தோல் தொழிலால் வந்த இசுலாமியக் குடும்பங்களும் தலைமுறைகளாக இங்கே உள்ளனர். வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய இரும்பிலிருந்து புறா வரை, பூச்செடியிலிருந்து பழந்துணி வரை விற்பனையாகும். அங்கே விலை பேசும் குரல்களைக் கேட்டாலே தெலுங்கும் உருதும் மலையாளமும் இந்தியும் தமிழோடு கலந்து ஒலிக்கும்.

குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்தது குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் பதனிடும் தொழிற்சாலையால். சானடோரியத்திற்கு அப்பெயர் வந்தது காசநோய் மருத்துவமனையால். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து என்பவர் மலையடிவாரத்தின் தூய காற்றை நாடி அதனை நிறுவினார். பின்னர் அரசு ஏற்றது. காசநோயாளியின் வீட்டு வாசலில் மிதிக்கவும் மக்கள் அஞ்சிய காலம் அது. 1990-களில் எய்ட்ஸ் நோயாளிகளை ஊரும் உறவும் ஒதுக்கியபோதும் இம்மருத்துவமனை அவர்களைச் சேர்த்துக்கொண்டது. பிறர் வேண்டாமென்று தள்ளியவர்களுக்குப் படுக்கை விரித்த ஊர் என்ற பெருமை இதற்கு உண்டு.

தாம்பரத்திற்கு 1937-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி வந்தது. விமானப்படைத் தளம் நாட்டின் எல்லா மாநிலத்தாரையும் கொண்டுவந்தது. 1984-இல் ஏற்றுமதி மண்டலம் அமைந்தபின், பல மாவட்டங்களிலிருந்து இளம் பெண்கள் தையல் எந்திரத்தின் முன்னும் மின்னணுக் கருவிகளின் முன்னும் அமர வந்தனர். இன்று கட்டடம் கட்டும் கைகள் பெரும்பாலும் பீகார், ஒடிசா, வங்காளத்துக் கைகள். 2021-இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், தாம்பரம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. எழுபது வார்டுகள் அதில்.

இவர்களையெல்லாம் ஒரே இடத்தில் கூட்டிவைக்க எவரும் திட்டமிடவில்லை. பிழைப்பு அழைத்தது, இரயில் கொண்டுவந்து சேர்த்தது. இந்தக் கலப்பை நன்கு விளங்கிக்கொண்ட பிறகே வீடு பார்க்கப் புறப்பட வேண்டும்.

நான்கு வீடுகள்

நம் பங்கில் ஒரு குடும்பம். கணவர் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் பட்டறையில் பணிபுரிகிறார், மனைவி செவிலியர், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். பதினான்கு ஆண்டுகளில் ஐந்து வாடகை வீடுகள் மாறியவர்கள். "சாமி, நீங்களும் ஒருமுறை கூட வந்து பாருங்கள்" என்று அவர்கள் கேட்க, சென்ற கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை அவர்களோடு நான்கு வீடுகளைச் சுற்றிப் பார்த்தோம்.

முதலாவது, தாம்பரத்துக்கு மேற்கே அரை கிரவுண்டில், அதாவது 1200 சதுர அடியில், கட்டிய தனி வீடு. புதுச் சுண்ணம், பளபளக்கும் தரை, விலையோ சுற்றுப்புறத்தைவிட வெகு குறைவு. "வீட்டுவரி ரசீது இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது, வேறென்ன வேண்டும்?" என்றார் தரகர். வேண்டியவை பல. வரி ரசீதும் மின் இணைப்பும் ஒருவர் அங்கே குடியிருப்பதைக் காட்டுமேயன்றி, மண் அவருடையது என்று காட்டா. கிரயப் பத்திரம் பதிவாகியிருப்பதும் முழு உறுதியன்று. பதிவு அலுவலகம் விற்பனையைப் பதிகிறது, விற்றவரின் உரிமைக்கு அது பிணை நிற்பதில்லை. எனவே மூலப் பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறாமல் வருகிறதா என்று வழக்குரைஞர் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு வேண்டும். தரகர் காட்டியதோ பதின்மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். நடந்துகொண்டிருக்கும் வழக்கும், கையெழுத்திடாத வாரிசும் அந்தச் சான்றில் பெரும்பாலும் தெரியமாட்டார்கள் என்பதையும் நினைவிற் கொள்க. நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் தந்தை இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. மணமாகிப் போன தங்கையின் கையெழுத்து இல்லாமல் அண்ணன் விற்கும் வீட்டை வாங்குவது, வழக்கையும் சேர்த்து வாங்குவதாகும்.

பட்டாவையும் நில அளவை வரைபடத்தையும் ஒப்பிட்டபோது, அந்த மனையின் பின்பகுதி வாய்க்கால் புறம்போக்கை ஒட்டி, சற்று உள்ளேயும் சென்றிருப்பது தெரிந்தது. மனைப்பிரிவும் அங்கீகாரம் பெறாதது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு விதிகள் வகுத்தது. ஆனால் நீர்வழியில் உள்ள மண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது. விலை குறைந்ததன் காரணம் விளங்கிற்று. திரும்பினோம்.

இரண்டாவது, குரோம்பேட்டைப் பக்கம் புதிய அடுக்குமாடி வீடு. ஆவணங்கள் செம்மையாக இருந்தன. விமான நிலையம் அருகில் ஆதலால் உயரத்திற்கு வேண்டிய தடையில்லாச் சான்றும் இருந்தது. 2016-ஆம் ஆண்டு மனைவணிகச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகக் கட்டப்படும் குடியிருப்பு ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். சுவருக்குள் உள்ள உண்மைப் பரப்பைச் சொல்லித்தான் விற்க வேண்டும். கட்டமைப்பில் குறை காணப்பட்டால் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் வரை கட்டியவரே சரிசெய்து தர வேண்டும். நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்பதையும் பத்திரத்தில் காண வேண்டும். நாளை கட்டடம் மூப்படைந்து இடிக்கும் நாளில் மிஞ்சுவது அந்தப் பங்குதான். எல்லாம் சரி. மனைவியார் சமையலறையைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருக்கையில், விற்பனையாளர் மெல்ல வினவினார்: "நீங்கள் மீன், கறி சமைப்பதுண்டா? இங்கே குடியிருப்போர் சங்கத்தில் அதற்கு விருப்பமில்லை." அந்த அம்மையாரின் முகத்திலிருந்த மகிழ்ச்சி அக்கணமே வடிந்தது. பதினான்கு ஆண்டுகளில் ஐந்து வீடுகள் மாறியதில் மூன்று இதே காரணத்திற்காக என்று வெளியே வந்தபின் சொன்னார்.

மூன்றாவது, பெருங்களத்தூரையும் கடந்து ஒரு புதிய மனைப்பிரிவு. மேடான நிலம், அகன்ற சாலைகள், தெருக்களுக்கெல்லாம் புனிதர்களின் பெயர்கள். தரகர் நம் அங்கியைக் கண்டதும் முகமலர்ந்து, "ஃபாதர், இது முழுக்க நம்மவர்களுக்கு மட்டும். வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. நிம்மதியாக இருக்கலாம்" என்றார். நமக்கு நற்செய்தி சொல்வதாகவே அவர் எண்ணினார்.

நல்ல மனிதர் அவர். அவரைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால் சற்றுமுன் கேட்ட சொல்லும் இதுவும் ஒன்றே என்பதை அந்தக் கணவரே கண்டுகொண்டார். "அங்கே நம்மை வெளியே நிறுத்தினார்கள், சாமி; இங்கே நம்மை உள்ளே விட்டு மற்றவரை வெளியே நிறுத்துகிறார்கள்," என்றார். மனைவியார் உடன்படவில்லை. பிள்ளைகள் மாலையில் செபமாலைக்குக் கூடுவார்கள், கிறிஸ்து பிறப்பு விழாவில் தெருவெல்லாம் நட்சத்திரம் தொங்கும், மூன்றுமுறை பட்ட அவமானம் நான்காம் முறை நேராது என்றார். ஒதுக்கப்பட்டவர் ஒதுங்க விரும்புவதை எளிதாகப் பழித்துவிட முடியாது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்று இருவரும் ஒருவரோடொருவர் அதிகம் பேசவில்லை.

நீர் எழுதிய கணக்கு

நான்காவது வீட்டிற்குப் போகுமுன் நீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பர் முதல் நாளன்று தொடங்கிய மழையில், 24 மணி நேரத்திற்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் பாய்ந்து, முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் வீடுகளின் தரைத்தளத்தை மூழ்கடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அதே பகுதிகளை மீண்டும் நீரில் ஆழ்த்தியது. தண்டவாளத்திற்குக் கிழக்கே கதை வேறு: அங்கே சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிச் செல்லும். 2022-இல் பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது அச்சதுப்பு. வழியில் குறுக்கே நிற்பது எதுவாயினும், நீர் அதன்மேல் ஏறிச் செல்லும்.

மணல்மேல் கட்டிய வீட்டின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நம் காலத்தில் ஏரிமேலும் வாய்க்கால்மேலும் கட்டிய வீடுகளே மிகுதி. ஊர்ப்பெயரே முன்னெச்சரிக்கை தருவதுண்டு. தாங்கல் என்றால் சிறு ஏரி. ஏரிக்கரைத் தெரு, மதகுத் தெரு, வாய்க்கால் தெரு என்ற பெயர்களைக் கேட்டால் காது தீட்டிக்கொள்ள வேண்டும். வீடு பார்க்கச் சித்திரையில் போகாமல் ஐப்பசி, கார்த்திகையில் போக வேண்டும். சுவரின் அடியில் புதிதாய் வண்ணம் பூசியிருந்தால், எதை மறைக்க என்று கேட்க வேண்டும். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம். அந்தக் குழியில் கல்லும் மணலும் இருக்கின்றனவா, சிமெண்டு போட்டு மூடிவிட்டார்களா என்று குனிந்து பார்க்க வேண்டும். கோடையில் கிணறு எத்தனை அடியில் வற்றுகிறது, லாரித் தண்ணீருக்கு மாதம் என்ன செலவாகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்று அண்டை வீட்டாரிடம் கேட்க வேண்டும். விற்பவர் சொல்லாததை அண்டை வீட்டார் சொல்லுவர்.

கம்பத்தில் கண்ட கோடுகள்

நான்காவது வீடு சானடோரியத்திற்குக் கிழக்கே ஒரு பழைய தெருவில் இருந்தது. முப்பத்தைந்து ஆண்டு வயதான சிறு வீடு. முன்னால் ஒரு பவழமல்லி. தெருமுனையில் பிள்ளையார் கோவில். எதிர்வீட்டில் தோல் வணிகம் செய்த ஓர் இசுலாமியக் குடும்பம். பக்கத்தில் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற மலையாளி. மாடியில் கட்டட வேலை செய்யும் பீகார் இளைஞர் மூவர் வாடகைக்கு. விற்பவர் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற வைணவப் பெரியவர். மகனிடம் செல்வதற்காக விற்கிறார்.

வாயிற் கம்பத்தில் நீலச் சாயத்தால் வரிசையாய்க் கோடுகள் இட்டிருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் ஆண்டு: 2005, 2008, 2015, 2021, 2023. எந்த ஆண்டு மழைநீர் எவ்வளவு உயரம் நின்றது என்ற கணக்கு! 2015-இன் கோடு முதற்படிக்கு நான்கு விரற்கடை மேலே. "வீட்டுக்குள் வரவில்லை. ஆனால் இரண்டு நாள் தெருவில் நின்றது. இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்," என்றார் பெரியவர். தரகர் அவரை முறைத்தார். விற்பதற்கு முன் கம்பத்துக்கு வெள்ளையடித்துவிடும்படி தாம் சொல்லியும் கேட்கவில்லை என்று பின்னர் நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

மனைவியார் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, நாங்கள் மீன் சமைப்போம்." பெரியவர் சிரித்தார். "முப்பது வருஷமாக எதிர்வீட்டுப் பெருநாள் பிரியாணி வாசனையில்தானே நான் சந்தி பண்ணுகிறேன், அம்மா! 2015-இல் எங்கள் இரண்டு பேரையும் தோளில் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் மாடியில் உட்கார வைத்தது அந்த வீட்டுப் பையன்கள்தான். நீங்கள் எதைச் சமைத்தாலும் எனக்குச் சம்மதம். தெருத் தண்ணீர் ஓடும் வழியை மட்டும் அடைத்துவிடாதீர்கள்," என்றார்.

விலை எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகம். கூரையில் பழுது பார்க்க வேண்டும். ஆயினும் தைக்குள் அந்த வீட்டைத்தான் அவர்கள் பதிவு செய்தனர். இதற்கெனச் சேர்த்து வைக்க வேண்டிய தொகையையும் சொல்லிவிடுகிறோம்: 2023 ஏப்ரல் முதல் மனைக்கும் தனி வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை முதலியன 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக நூற்றுக்கு ஒன்பது. புதிய அடுக்குமாடி வீட்டுக்குக் கணக்கு வேறு. சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டறிக. வீட்டின் விலையோடு இதையும் கணக்கிடாமல் முன்பணம் கொடுத்துவிட்டுக் கடைசி வாரத்தில் வட்டிக்கு அலைந்தவர்களை நாம் அறிவோம்.

அயலார் யார்?

'எங்களவருக்கு மட்டும்' என்பதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள். 2005-இல் அகமதாபாத்தைச் சேர்ந்த பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் வழக்கில், உறுப்பினர் தகுதியைத் தம் சமூகத்தாருக்கு மட்டும் வரையறுக்கும் விதி செல்லும் என்றே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரிலோ 1989 முதல், அரசு அடுக்குமாடிகளில் எந்த ஓர் இனத்தாரும் ஒரே கட்டடத்தில் அளவு மீறிச் சேராதபடி வரம்பு வைத்திருக்கிறார்கள். அங்கே அரசு செய்வதை, இங்கே வாங்குகிறவரும் விற்கிறவரும் வாடகைக்கு விடுகிறவரும் தம் மனச்சான்றுக்குப் பணிந்து செய்தாலன்றி வழியில்லை.

இங்கே நம்மை நாமே சோதித்துக்கொள்வது தகும். கறிச்சோற்றுக்காக நம்மை மறுக்கும்போது நெஞ்சு கொதிக்கிறது. அதே நாம், வீட்டு வாசலில் வாடகைப் பலகை தொங்கவிட்டு, வந்தவரின் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, ஊரின் எந்தப் பக்கம் என்று கேட்டு, எதை அறிய முயல்கிறோம்? ஒரே திருமுழுக்குப் பெற்றவர்களுக்குள்ளும் சாதி அறிந்து சாவி கொடுப்போர் இல்லையா? வடநாட்டுத் தொழிலாளி என்றதும், 'குடும்பமாக இருந்தால் மட்டும்' என்று கதவைச் சாத்துவோர் இல்லையா? அவர் கட்டிய வீட்டில் அவர் குடியிருக்க இடமில்லை என்பது எத்துணை வேடிக்கை!

தமிழில் அயல் என்ற சொல் வியப்புக்குரியது. அயல்வீடு என்றால் பக்கத்து வீடு. அயல்நாடு என்றால் வேற்று நாடு. அருகில் இருப்பவரும் அந்நியரும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கிறார்கள். என் அயலான் யார் என்ற கேள்விக்கு நம் ஆண்டவர் கதையொன்றால் விடை தந்தார். அதிலும் அருகில் வந்து காயம் கட்டியவன் வேற்றினத்தான்தான். வெள்ளம் வந்த நாட்களில் பள்ளிவாசல்களும் கோவில்களும் ஆலயங்களும் வேறுபாடின்றிக் கதவைத் திறந்து வைத்ததைப் புறநகர் மக்கள் கண்டார்கள். வெள்ளம் வடிந்த பின்னும் அந்தக் கதவுகள் திறந்தே இருக்க வேண்டும்.

கலந்து வாழ்வது எளிதன்று. ஒலிபெருக்கி, வாகனம் நிறுத்தும் இடம், மாடித் தண்ணீர் வழியும் குழாய், வளர்ப்பு நாய் எல்லாம் பூசலுக்கு வித்திடும். நம் வீட்டு செபக்கூட்டத்தின் ஒலி நம் சுவரோடு நிற்கட்டும். விழாப் பலகாரம் சுவர் தாண்டிப் போகட்டும். தெரு வடிகாலைத் தூர்வார ஐப்பசிக்கு முன் தெருவார் எல்லாரும் கூடட்டும். இத்தகைய சிறு செயல்களே அயலாரை உறவாக்கும்.

வீடு தேடும் குடும்பங்களே! பத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நீர் வந்த உயரத்தை மழைக்காலத்தில் நேரில் கண்டு கேளுங்கள். எதிர்வீட்டாரிடம் ஒருவேளை அமர்ந்து பேசுங்கள். வீட்டை விற்கும் குடும்பங்களே! வாங்க வருகிறவரின் பெயரைக் கேட்கும் முன், உங்கள் வீட்டின் குறையை அவருக்குச் சொல்லுங்கள். விலையில் சில ஆயிரம் குறையலாம். ஆனால் அந்த வீட்டில் குடியேறுகிறவர், ஒவ்வொரு மழைக்காலத்திலும் உங்களை வாழ்த்துவார்.